மோட்டாரை மாற்றும் முன் ராடைக் கழற்றிப் பாருங்கள்

2022 நவம்பர் 12: வாசகர் கேள்வி, கோவையிலிருந்து

அண்ணா, என்னிடம் இருப்பது மாடல் ரயில், நாலு மில்லிமீட்டர் ஸ்கேல் (நிஜத்தில் ஒரு அடி இதில் நாலு மி.மீ.), 16.5 மி.மீ. தண்டவாளம். இன்ஜின் இங்கிலாந்தின் எல்.எம்.எஸ். ரயில் கம்பெனி ஓட்டிய 3எஃப் டேங்க், எல்லாரும் 'ஜின்ட்டி' என்பார்களே, அது. மேல்கூடு பழசு. மாமா இங்கிலாந்திலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். அடியில் இருக்கும் சேஸிஸ், பித்தளைத் தகட்டுக் கிட் வாங்கி நானே ஈயம் வைத்துச் சேர்த்தது. சக்கரமெல்லாம் ஆக்சிலில் அழுத்திச் செருகும் வகை.

மெதுவாக ஓட்டினால் நொண்டுகிறது. சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் எங்கேயோ பிடிக்கிறது, திக்குகிறது, அப்புறம் பாய்கிறது. 12 வோல்ட் முழுசாகக் கொடுத்தால் ஓடிவிடும், ஆனால் குடித்தவன் நடை. எண்ணெய் தாராளமாக விட்டுப் பார்த்துவிட்டேன். மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று நினைக்கிறேன். பெரிய மோட்டார் ஒன்று வாங்கிவிடலாமா?

நவம்பர் 12, இரவு 10.40

வாங்காதீர்கள்.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கியர் நாற்பதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று வர மோட்டார் நாற்பது சுற்று சுற்றும். கோளாறு மோட்டாரில் இருந்தால் ஒரு சக்கரச் சுற்றுக்கு நாற்பது தடவை துடிக்க வேண்டும். அது உங்கள் கண்ணுக்கு நொண்டலாகத் தெரியாது, காதில் உறுமலாகக் கேட்கும். சக்கரச் சுற்றோடு சேர்ந்து வரும் தொல்லை சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். ஆக்சில், ஆக்சில் மேல் இருக்கும் பல்சக்கரம், சக்கரத்தில் மையம் தள்ளி நிற்கும் கிராங்க் பின், ஒரு பக்கத்துப் பின்களை எல்லாம் இணைக்கும் ராடு. அவ்வளவுதான் பட்டியல்.

பெரிய மோட்டார் போட்டால் ஓடும், அதை மறுக்கவில்லை. பிடிக்கிற இடத்தைப் பலத்தால் தள்ளிக்கொண்டு போகும். ஆறு மாதத்தில் ராடு ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், இல்லையென்றால் ஏதாவது ஒரு சக்கரம் ஆக்சிலில் வழுக்கிவிடும்.

நாளைக்கு முதல் வேலையாக எண்ணெயைத் துடையுங்கள். என்ன எண்ணெய் விட்டீர்கள்?

நவம்பர் 13, காலை

தையல் மெஷின் எண்ணெய் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது, வயிற்றில் பால் வார்த்தீர்கள். ஏன் கேட்டேன் என்று அப்புறம் சொல்கிறேன். அது எனக்கே அவமானமான கதை.

ஞாயிற்றுக்கிழமைதானே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ராடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். முடிந்தால் மோட்டாரையும். சேஸிஸை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். கொஞ்சம் சாய்த்ததுமே தானாக உருண்டு போக வேண்டும். போகவில்லையென்றால் ராடைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. ஆக்சில் நுழையும் வளையத்தில், அதாவது புஷ்ஷில், ஈயம் வழிந்திருக்கும், இல்லையென்றால் இரண்டு பக்கத் தகடும் நேராக இல்லாமல் ஆக்சில் கோணலாக நிற்கும். வெறும் ஆக்சிலை மட்டும் புஷ்ஷில் போட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். சுண்டியதும் இரண்டு மூன்று சுற்று போக வேண்டும்.

அது சரியென்றால் மோட்டாரை மாட்டி, ராடு இல்லாமல் ஓட்டுங்கள். கியர் பூட்டிய ஆக்சில் மட்டும் சுற்றும். இதிலேயே நொண்டினால் பல்சக்கரம் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஒரு பல்லில் பிசிறு. நொண்டவில்லையென்றால் கண்ட்ரோலர், மோட்டார், கியர் மூன்றுக்கும் நற்சான்று கொடுத்துவிடலாம்.

அப்புறம்தான் ராடு. ஒரு பக்கம் மட்டும் மாட்டி, கையால் தள்ளிப் பாருங்கள். அடுத்து மறுபக்கம் மட்டும். கடைசியில் இரண்டும். எந்தக் கட்டத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது, சக்கரம் எந்த நிலையில் இருக்கும்போது பிடிக்கிறது, இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். நிலையைச் சொல்ல கடிகாரக் கணக்கு போதும். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது கிராங்க் பின் உச்சியில் இருந்தால் 12 மணி, அடியில் 6 மணி, முன்னும் பின்னும் 3 மணி, 9 மணி. இந்த 3 மணியும் 9 மணியும்தான் டெட் சென்டர். இடது பின்னுக்கும் வலது பின்னுக்கும் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, வித்தியாசம் வைப்பதுதான் குவார்ட்டரிங். டெட் சென்டரில் பிடித்தால் குவார்ட்டரிங் தவறு.

நவம்பர் 13, மதியம்

"ராடு ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் தீர்ந்தது" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். தெரியும். நானும் அந்த மடத்தில் பல வருஷம் இருந்தவன்தான்.

1994-ல் என் முதல் சேஸிஸ். அதுவும் ஜின்ட்டி மாதிரி 0-6-0, ஆறு சக்கரமும் ராடில் இணைந்த வகை. பிடித்தது. ஊசி அரத்தை எடுத்து ஓட்டையைத் தேய்த்தேன். மறுபடி பிடித்தது. மறுபடி தேய்த்தேன். இப்படியே ஆறு ஓட்டையையும் தேய்த்து ஒரு வழியாக ஓடவைத்தேன். ஓடியது என்றால், டிராயரில் ஸ்பூனைப் போட்டுக் குலுக்கின சத்தத்தோடு ஓடியது. நடுச் சக்கரம் கிளம்பி கொஞ்ச நேரம் கழித்து முன் சக்கரம் கிளம்பும். கூட்டுக் குடும்பத்தில் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி, ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். அதை விற்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். அரம் எடுக்கும் கை அதைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும்.

ஓட்டையில் ஆட்டம் வேண்டும்தான். ஆனால் எங்கே தவறு என்று தெரிந்த பிறகு வேண்டிய அளவுக்கு மட்டும். தெரியாமல் தேய்த்தால், எந்த ஓட்டை அளவு சொல்லியிருக்குமோ அதையே அழித்துவிடுகிறோம்.

நவம்பர் 14

மறந்துவிட்டேன். ஒரு பக்க ராடு மட்டும் மாட்டிய நிலையில் மோட்டாரால் ஓட்டாதீர்கள். டெட் சென்டரில் ஒரு சக்கரம் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் திரும்பிக்கொள்ளும், ராடு வளையும். கையால் மட்டும் தள்ளுங்கள்.

நவம்பர் 16, இரவு

ஞாயிற்றுக்கிழமை எழுதினதில் ஒன்று தப்பு. சின்னத் தப்பும் இல்லை.

"டெட் சென்டரில் பிடித்தால் குவார்ட்டரிங் தவறு" என்று எழுதியிருந்தேன். பல வருஷமாக வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். நேற்று தூக்கம் வராமல் யோசித்ததில் சந்தேகம் வந்தது. இன்று ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, வட்டம் நாலு செய்து, குண்டூசி குத்தி, ராடு மாதிரி அட்டைப் பட்டை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். (மணமக்கள் மன்னிக்கவும்.) குவார்ட்டரிங் தவறு டெட் சென்டரில் பிடிக்கவே பிடிக்காது.

ஏன் என்று சொல்கிறேன். இடது பக்கம் 3 மணியில் இருக்கும்போது வலது பக்கம் 12-லோ 6-லோ இருக்கும். ஒரு ஆக்சிலில் கோணம் இரண்டு டிகிரி தவறியிருந்தால், 3 மணியில் உள்ள பின் இரண்டு டிகிரி அளவுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும். ராடு ஒரு பக்கம் லேசாகச் சாயும், நீளம் மாறாது. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பிடிப்பது நடுவில். ஒன்றரை மணி, நாலரை, ஏழரை, பத்தரை. அந்த நிலையில் இரண்டு பக்க ராடும் சக்கரத்தை ஆளுக்கு ஒரு கோணத்துக்கு இழுக்கும். சுற்றுக்கு நாலு இடம்.

டெட் சென்டரில் பிடித்தால் அது நீளப் பிரச்சினை. ராடில் இரண்டு ஓட்டைக்கு இடையே உள்ள தூரமும், சேஸிஸில் இரண்டு ஆக்சிலுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றாக இல்லை. 3 மணியில் ஆக்சில், பின், ராடு எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும். அந்த வித்தியாசம் போக இடமே இல்லை. 12 மணியில் என்றால் சக்கரம் ஒரு இம்மி திரும்பி அதை விழுங்கிவிடும்.

ஒரு பக்கத்து 3, 9-ல் மட்டும் பிடித்து, மறுபக்கம் அதே நிலையில் சும்மா போனால், ராடைச் சந்தேகப்படும் முன் அந்தப் பக்கத்துக் கிராங்க் பின்னைப் பாருங்கள். ஒன்று மட்டும் மையத்திலிருந்து கூடுதல் தூரத்தில் இருக்கும், அல்லது சாய்ந்திருக்கும்.

இதில் ஒரு கொசுறு லாபம் உண்டு. ஒரு பக்க ராடு மட்டும் மாட்டும்போதே பிடித்தால் அது குவார்ட்டரிங்காக இருக்க முடியாது. இரண்டு பக்கமும் மாட்டினால்தான் அந்தத் தவறு வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை சொன்ன வரிசை சரிதான், தீர்ப்புதான் தப்பு.

நவம்பர் 17

கணக்கும் போட்டுப் பார்த்தேன். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நிஜ ஜின்ட்டியின் பிஸ்டன் ஓட்டம் 26 அங்குலம். ஆக, கிராங்க் பின் மையத்திலிருந்து 13 அங்குலம். நம் ஸ்கேலில் 4.33 மி.மீ. இரண்டு டிகிரி தவறினால் பின் 0.15 மி.மீ. இடம் மாறும். ஒன்றரை மணி நிலையில் அதை இரண்டு பக்க ராடும் பங்கு போட்டுக்கொள்வதால், ஒவ்வொரு ராடுக்கும் வேண்டிய ஆட்டம் சுமார் 0.05 மி.மீ. அவ்வளவுதான். நாலு டிகிரிக்கு 0.1 மி.மீ. நீளத் தவறுக்கு இந்தச் சலுகை கிடையாது. ராடு 0.1 மி.மீ. தவறினால் முழுசாக 0.1 மி.மீ. ஆட்டம் கேட்கும். அதாவது நீளத்தில் 0.1 மி.மீ. தவறுவதும் கோணத்தில் நாலு டிகிரி தவறுவதும் ஏறக்குறைய ஒரே தொல்லை.

இத்தனை வருஷம் குவார்ட்டரிங் குவார்ட்டரிங் என்று எல்லாரையும் மிரட்டியிருக்கிறேன். பாவம், அது அவ்வளவு கொடுமைக்காரி இல்லை. மூன்று ஆக்சில் துளை போடுவதில்தான் உண்மையான கெட்டிக்காரத்தனம். ஜின்ட்டிக்கு ஆக்சில் தூரம் 8 அடியும் 8 அடி 6 அங்குலமும். நமக்கு 32 மி.மீ., 34 மி.மீ. அதை ஸ்கேலால் அளந்து துளை போடாதீர்கள். ராடை முதலில் செய்து, அந்த ராடையே அளவுகோலாக வைத்து ஆக்சில் புஷ்ஷுக்கு ஈயம் வையுங்கள். முனையை ராடு ஓட்டைக்குச் சரியாகக் கடைந்த நீள ஆக்சில்கள் ஜிக் என்று விற்கிறார்கள். லேத் தெரிந்த நண்பர் இருந்தால் ஒரு டீ செலவில் முடியும். ராடு 32.1 ஆக இருந்தால் சேஸிஸும் 32.1 ஆகிவிடும். ஓடும் இன்ஜினை யாரும் வெர்னியர் வைத்து அளக்கப்போவதில்லை.

நவம்பர் 19

கோவைத் தம்பியின் அறிக்கை வந்துவிட்டது. மனுஷன் அட்டவணையே போட்டு அனுப்பியிருக்கிறார். ராடு இல்லாமல் சேஸிஸ் நன்றாக உருள்கிறது. கியர் சுத்தம். வலது ராடு மட்டும் மாட்டினால் சும்மா போகிறது. இடது மட்டும் மாட்டினால் 3-லும் 9-லும் "லேசாக ஒரு உணர்வு". இரண்டும் மாட்டினால் ஒன்றரை மணி வாக்கில் நாலு இடத்தில் நன்றாகப் பிடிக்கிறது.

அப்படியென்றால் இரண்டு வியாதி. வழக்கம்போல. ஒரே ஒரு தவறு மட்டும் உள்ள சேஸிஸை நான் இதுவரை பார்த்ததில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

பெரியதை முதலில் பாருங்கள். கியர் உள்ள நடு ஆக்சிலைத் தொடவே கூடாது, அதுதான் எசமான். அதன் கோணம் 88 ஆக இருந்தாலும் 92 ஆக இருந்தாலும் கவலையில்லை. மற்ற இரண்டும் அதே கோணத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். 90 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் ராடு மூட்டு வைத்ததாக இருந்தால் பின்பக்க ஆக்சிலையும் நடு ஆக்சிலையும் மட்டும் முதலில் சேருங்கள். பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, பின்பக்க ஆக்சிலின் ஒரு சக்கரத்தை மட்டும் ஆக்சிலில் ஒரு மயிரிழை திருப்புங்கள். பிடிப்பு கூடினால் எதிர்ப்பக்கம். குறைந்தால் இன்னும் கொஞ்சம். அது முடிந்த பிறகு முன் ஆக்சில். எல்லாம் சரியானதும் ஆக்சிலும் சக்கரமும் சேரும் இடத்தில் லாக்டைட் பசை ஒரு பொட்டு. பொட்டு என்றால் பொட்டு, அபிஷேகம் இல்லை. புஷ்ஷுக்குள் போய்விட்டால் எல்லாக் கணக்கும் முடிந்தது.

திருப்பும்போது இரண்டு சக்கரத்தின் உள்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரமும் மாறிவிடும். 14.5 மி.மீ. இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

சதுர முனை ஆக்சில் உள்ள ரோம்ஃபோர்ட் வகைச் சக்கரம் வாங்கியிருந்தால் இந்த வேலையே இல்லை, சதுரமே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். வாங்கியது வாங்கியாச்சு.

நவம்பர் 20

மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 120 டிகிரியில் இருக்குமே, மாடலை அப்படி வைத்தால் ஓடுமா என்று ஒரு கேள்வி. ஓடும். மூன்று ஆக்சிலும் ஒரே 120 ஆக இருந்தால். 180-ம் பூஜ்யமும்தான் ஆகாது.

நவம்பர் 20, இரவு

அந்தப் பூஜ்யத்தை எழுதியதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் மாறிவந்த அந்த ஒர்க் ஷாப்பில் ஸ்டீம் இன்ஜின் வேலை. சின்ன வயசில் எனக்கு 90 டிகிரியை விளக்கியது அவர்தான், சைக்கிளை வைத்து. சைக்கிள் பெடல் இரண்டும் எதிரெதிர், 180. ஒரு பெடல் உச்சியிலும் மறு பெடல் அடியிலும் நேர்கோட்டில் நிற்கும்போது மேலே ஏறி நின்று மிதித்தாலும் வண்டி நகராது, காலால் தரையைத் தள்ள வேண்டும். இன்ஜினைத் தள்ள யார் வருவார்கள்? அதனால்தான் ஒரு பக்கம் டெட் சென்டரில் நிற்கும்போது மறுபக்கம் முழுப் பலத்தில் இருக்கும்படி கால்வாசி திருப்பி வைப்பது என்றார். நம் மாடலில் சிலிண்டர் வெறும் அலங்காரம். ஆனாலும் அதே நியாயம் ராடுக்குப் பொருந்தும். ஒரு பக்க ராடு டெட் சென்டரில் செயலற்று நிற்கும்போது, சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வது மறுபக்க ராடுதான்.

நிஜ இன்ஜினில் ஆக்சில் பெட்டி மேலும் கீழும் நகரும், தேய்மானத்துக்கு ஆப்பு இருக்கும், ராடில் புஷ் தேய்ந்தால் வேறு புஷ் அடிப்பார்கள், நீள ராடுகளில் மூட்டு இருக்கும். நாம் தகட்டில் துளை போட்டு எல்லாவற்றையும் இறுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெரிய இன்ஜின் மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். ஸ்பிரிங் வைத்து ஆக்சில் மேலே கீழே நகரும்படி சேஸிஸ் கட்டுகிறவர்கள் ஒரே துண்டு ராடு மாட்டவே கூடாது. நடு ஆக்சில் ஏறும்போது ராடு எப்படி வளையும்? மூட்டு வைத்தே ஆகணும்.

அப்பாவிடம் என் 1994 இன்ஜினைக் காட்டினேன். ராடை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 23

சரி, எண்ணெய்க் கதை. ஒருத்தர் விடாமல் கேட்டாச்சு.

முதல் ரயில் செட் கைக்கு வந்த புதிதில் வீட்டில் இருந்த எண்ணெய்தான் விட்டேன். தேங்காய் எண்ணெய். திருச்சி வெயிலில் அருமையாக ஓடியது, வாசனை வேறு. அந்த டிசம்பர் விடுமுறைக்குக் குன்னூரில் சித்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன். காலையில் தண்டவாளத்தில் வைத்தால் அசையவில்லை. மதியம் ஓடுகிறது. மறுநாள் காலை மறுபடி இல்லை. மூன்று நாள் கம்பியைக் கழற்றி மாட்டினேன். சித்தி தலைக்கு எண்ணெய் எடுக்க பாட்டிலை வெயிலில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் சமாசாரத்தை ஆக்சிலில் விட்டிருக்கிறேன்.

கோவையிலும் மார்கழி வருகிறது. அதனால்தான் கேட்டேன்.

நவம்பர் 26

முன்னால் போகும்போது நன்றாகவும் பின்னால் போகும்போது மட்டும் உறுமிப் பிடிப்பதாகவும் இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது ராடு இல்லை. ராடு தவறுக்குத் திசை தெரியாது (பெரும்பாலும்). வார்மைப் பாருங்கள், மோட்டார் தண்டில் இருந்து பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும் திருகு வடிவப் பல். ஒரு திசையில் வார்ம் மோட்டார் தண்டை உள்ளே இழுக்கும், மறு திசையில் வெளியே தள்ளும். தண்டுக்கு முன்பின் ஆட்டம் அதிகமாக இருந்தால் ஒரு திசையில் போய் எதிலாவது உரசும். மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் அடங்கும். மோட்டார் ஒரே முனையில் மட்டும் பிடித்து நின்றால், திசைக்குத் தகுந்தபடி தலையைத் தூக்கி வார்மைப் பல்லோடு அழுத்தவும் செய்யும்.

வார்முக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றால், சிகரெட் தாள் ஒன்றை நடுவில் கொடுத்து அழுத்தி, மோட்டாரை இறுக்கி, தாளை உருவுவார்கள். நான் டவுன் பஸ் டிக்கெட் வைப்பேன். பழைய டிக்கெட், கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுப்பாரே, அது. இப்போது மெஷினில் அச்சடித்து வரும் டிக்கெட் தடிமன் கூடுதல். பழையதில் ஒரு கட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டில் இதைச் சேமிப்பு என்று ஒத்துக்கொள்வதில்லை.

டிசம்பர் 1

யுத்தத்துக்கு முந்திய வார்ப்புச் சேஸிஸ் ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பத்து வருஷம் பெட்டியில் இருந்தது, அன்று ஓடியது, இன்று சக்கரமே திரும்பவில்லை, பக்கத்தில் மயிரிழை விரிசல். படம் பார்த்தேன். வைத்தியம் கிடையாது. துத்தநாகக் கலவையை வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வருஷக்கணக்கில் மெல்ல உப்பும். உப்பினால் ஆக்சில் தூரம் கூடும், ராடு அப்படியே இருக்கும். மூன்று மணியில் பிடிக்கிற கதைதான், சேஸிஸ் தானே வளர்ந்து செய்தது. ராடு ஓட்டையைத் தேய்த்தால் ஒரு வருஷம் ஓடும், அப்புறம் உதிரும். சக்கரத்தையும் மோட்டாரையும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

டிசம்பர் 3

கோவை: குவார்ட்டரிங் தீர்ந்தது. நாலு இடமும் போய்விட்டன. இடது பக்கம் 3-லும் 9-லும் மட்டும் இன்னும் பிடிக்கிறது. "அரம் எடுக்கட்டுமா?"

வேண்டாம் தம்பி, இன்னும் ஒரே ஒரு சோதனை. கிராங்க் பின் மேல் சரியாக நுழையும் மெல்லிய குழாய் ஒன்றை ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டிச் செருகுங்கள். பின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குழாய் முனையில் பெரிதாகத் தெரியும். கிராங்க் பின்னாகப் போடும் 14 பி.ஏ. அளவுத் திருகு ஒரு மில்லிமீட்டர்தான் தடிமன், பிளாஸ்டிக் சக்கரத்தில் கையால் திருகும்போது கோணலாக ஏறுவது சர்வ சாதாரணம். மூன்று சக்கரத்துக்கும் பாருங்கள். மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் 3-லும் 9-லும் பிடிக்கும். சுற்றும் திசையில் சாய்ந்தால் குவார்ட்டரிங் தவறு மாதிரி வேஷம் போடும்.

இதை எழுதும்போதே ஒரு சந்தேகம். அவர் போன வாரம் திருப்பிச் சரிசெய்த கோணத்தில் கொஞ்சம் இந்தச் சாய்வுக்கு ஈடுகட்டியதாகவும் இருக்கலாம். பின்னை நிமிர்த்தினால் ஒன்றரை மணிப் பிடிப்பு கொஞ்சம் திரும்பி வரும். வந்தால் என்னைத் திட்டாதீர்கள், மறுபடி ஒரு மயிரிழை திருப்புங்கள்.

டிசம்பர் 6

இடது பக்கத்தில் கடைசிச் சக்கரத்தின் கிராங்க் பின்தான். குழாய் முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருக்கிறதாம், படம் அனுப்பினார். கழற்றி, நேராக மறுபடி திருகியாச்சு. எதிர்பார்த்தபடியே ஒன்றரை மணியில் சின்னதாக ஒன்று திரும்பி வந்து, அதையும் சரிசெய்தார். கண்ணாடியில் சாய்த்தால் ராடோடு உருண்டு போகிறது. மல்டிமீட்டர் மாட்டி ஓட்டியதில் முள் ஆடாமல் நிற்கிறது. இந்த வேலைக்கு டிஜிட்டலை விட முள் வைத்த பழைய மீட்டர் மேல். பிடிக்கிற இடத்தில் கரண்டு ஏறுவது முள்ளில் துடிப்பாகத் தெரியும், எண்ணில் தெரியாது.

அரத்தைத் தொடாமலே முடிந்தது. ராடு ஓட்டையில் ஆட்டம் இல்லாததுபோல் இருக்கிறது, பரவாயில்லையா என்றால், அரம் வேண்டாம், ப்ரோச்சை (ஓட்டையை மெல்லச் சீவும் ஊசி) இரண்டு பக்கமிருந்தும் ஒரே ஒரு சுற்று விடுங்கள். அது பிழையை மறைக்க இல்லை, தண்டவாளம் சமமாக இல்லாத இடத்துக்கு.

டிசம்பர் 7

மேல்கூட்டை மாட்டினதும் மறுபடி நொண்டுகிறதாம்.

சிரிக்காதீர்கள், எல்லாருக்கும் நடப்பதுதான். என் வீட்டில் இதே மாதிரி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன், கடைசியில் நடு ஆக்சிலில் புடவை நூல் சுற்றியிருந்தது. கூடு மாட்டும்போது வருவதற்குக் காரணம் சில. பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடும். கூட்டின் உள்பக்கம் ராடில் இடிக்கும். மோட்டார் கம்பி சக்கரத்தில் உரசும். இது எதுவும் இல்லையென்றால் கூட்டைப் பிடிக்கும் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

டிசம்பர் 7, அரை மணி கழித்து

திருகுதான். கூட்டின் அடிப்பக்கம் சமமாக இல்லை, முன்திருகை இறுக்கினால் பித்தளைத் தகடு வில்லாக வளைந்து ஆக்சில் எல்லாம் கோணலாகிறது. முன்னால் ஒரு அட்டை வாஷர் வைத்து, திருகை விரல் இறுக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார். மூன்று பெட்டி இழுக்கிற வீடியோ வந்திருக்கிறது. நடந்து போகிற வேகத்தில், திக்காமல். அட்டைக்கு என்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன். கல்யாணப் பத்திரிகையாம்.

டிசம்பர் 11

அந்தப் பெரிய மோட்டாரை அவர் நவம்பர் 12-ந் தேதி கேள்வி போட்ட கையோடு ஆர்டர் செய்துவிட்டாராம். நேற்று பார்சல் வந்திருக்கிறது. "இப்போது இதை என்ன செய்ய, அண்ணா?" என்கிறார்.

என்னிடம் ஒரு 4-6-2 இன்ஜின் பாதியில் நிற்கிறது. முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.